பத்து மாதம் ‘சூடு’ என்றோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

பெரியகல்லாற்றில் தையல் கடை வைத்திருக்கிறேன். தம்பி ஆட்டோ ஓட்டுகிறவன், 1988இல் பிறந்தவன். போன வருஷம் தைப்பொங்கல் கழிந்த கையோடு, மலத்தோடு இரத்தம் போகிறது என்று வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னான். “நாள் முழுக்க இன்ஜின் சூட்டில் இருக்கிறாய், மூலமாக இருக்கும், இளநீர் குடி” என்றேன். சொன்னது நான்தான்.

இளநீர், மோர், ஊறவைத்த வெந்தயம், பாமசியில் ஒரு களிம்பு. பார்த்த டொக்டரும் வயசைக் கேட்டுவிட்டு மூலத்துக்கே மருந்து எழுதினார். ஆவணியில் படியேறினால் மூச்சு வாங்கியது. சோதித்தால் இரத்தம் குறைவு. இரும்புச்சத்துக் குளிசை தந்தார்கள். பெண் என்றால் மாதவிடாய் என்று சொல்லி முடிக்கலாம். ஓர் ஆண்பிள்ளைக்கு, அதுவும் சோறும் மீனும் வயிறாரச் சாப்பிடுகிறவனுக்கு, இரத்தம் எங்கே போனது என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. கார்த்திகையில் மலவாசல் வழியாகக் கமரா விட்டுப் பார்த்தபோது மலக்குடலில் கட்டி. புற்றுநோய். வயது 37.

“இது வயசாளிகளுக்கு வாற வருத்தமல்லோ?” என்று ஊரில் கேட்கிறார்கள். அமெரிக்காவில் 1990ஐ ஒட்டிப் பிறந்தவர்களுக்கு, 1950ஐ ஒட்டிப் பிறந்தவர்களைவிட மலக்குடல் புற்றுநோய் ஆபத்து நான்கு மடங்கு என்று 2017இல் ஓர் ஆய்வு சொன்னது. பெருங்குடலில் இரண்டு மடங்கு. 2021இல் அங்கே, ஒரு வருத்தமும் தெரியாதவர்களுக்கும் இந்தப் புற்றுநோய்க்கான சோதனை தொடங்கும் வயதை 50இலிருந்து 45ஆக இறக்கினார்கள். பருமன், குடி, பதப்படுத்திய இறைச்சி என்று காரணம் பல சொல்லப்படுகிறது. தம்பி குடிப்பதில்லை, ஒல்லி உடம்பு. சரி, 45 என்று வைத்தாலும் அவன் அதற்குள் அகப்படமாட்டான். அவனுக்குக் கிடைத்த எச்சரிக்கை அந்த இரத்தம் மட்டும்தான்.

டொக்டர்மாரிடம் ஒன்று கேட்கிறேன். இளம் ஆள் என்று பார்க்காமல், களிம்பு எழுதுமுன் ஒருமுறை விரல் விட்டுப் பாருங்கள். மலக்குடல் கட்டிகள் பல விரலுக்கே தட்டுப்படுமாம். ஆண்களுக்கு இரத்தம் குறைந்தால் குளிசையோடு மட்டும் அனுப்பாதீர்கள்.

கூடப்பிறந்தவர்களும் பிள்ளைகளும் 40 வயதிலோ, நோய் கண்ட வயதுக்குப் பத்து வருஷம் முன்னரோ, எது முந்தியோ அப்போது சோதிக்க வேண்டும் என்றார்கள். எனக்கு 43, அடுத்த மாதம் எனக்கும் கமரா. தம்பியின் மகளுக்கு இப்போது ஏழு. அவளுக்கு 27 ஆகும் வருஷத்தைத் தன் கிளினிக் கொப்பியின் பின்மட்டையில் அவனே எழுதி வைத்திருக்கிறான்.

ஓர் அக்கா,
பெரியகல்லாறு.