முதலில் வம்சாவளி, அப்புறம் சினிமா

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி தேவலை என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். ஆனால் வலி குறைந்த கையோடு நூலகத்துக்குப் போய், பெரியவர்களுக்கான நிகழ்ச்சிகளை நானே நடத்தித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டு வந்திருக்கிறாயே, அதுதான் நீ. வம்சாவளி வகுப்பா, சினிமாத் திரையிடலா, எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டிருக்கிறாய். எங்கள் நூலகத்தில் நடக்கும் எல்லாவற்றிலும் தலையைக் காட்டி வருகிறவன் என்பதால் தைரியமாகச் சொல்கிறேன், வம்சாவளி வகுப்பிலிருந்து தொடங்கு. படம் பார்க்க வருபவர்கள் இருட்டில் வந்து இருட்டிலேயே போய்விடுகிறார்கள். தாத்தாவின் அப்பா பெயரைத் தேடி வருகிறவர் அடுத்த வாரமும் வருவார், ஏனென்றால் அது இன்னும் கிடைத்திருக்காது!

வீட்டிலேயே இணையம் இருக்க இதற்கு நூலகம் எதற்கு என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். ஆன்செஸ்ட்ரி என்ற வம்சாவளித் தளத்துக்கு நூலகங்களுக்கென்றே ஒரு பதிப்பு உண்டு, சந்தாவை நூலகம் கட்டிவிடும், ஆனால் பொதுவாக அங்கேயே உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். ஃபேமிலிசர்ச் என்ற இன்னொரு தளம் இலவசம். மார்மன் திருச்சபையினர் நடத்துவது. 1938இல் பதிவேடுகளை மைக்ரோஃபிலிமில் படமெடுக்க ஆரம்பித்து, சேர்ந்துபோன 24 லட்சம் சுருள்களை 2021இல்தான் டிஜிட்டலாக்கி முடித்தார்கள். அதிலும் சில பதிவேடுகள் அவர்களுடைய மையங்களிலோ, அவர்களோடு இணைந்த நூலகங்களிலோ மட்டுமே திறக்கும். உங்கள் நூலகம் இணைந்திருக்கிறதா என்று முதலில் விசாரி.

எங்கள் நூலகர் முதல் வகுப்பிலேயே ஒன்றை அழுத்திச் சொல்லிவிட்டார். உன்னிலிருந்து ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னால் போ, யாரோ ஒரு ராஜாவிடமிருந்து கீழே இறங்கி வராதே. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அது எங்கே கிடைத்தது என்று எழுது. இணையத்தில் அடுத்தவர் போட்டு வைத்திருக்கும் குடும்ப மரத்தை அப்படியே எடுத்து ஒட்டினால், ஒரே பெயருள்ள இரண்டு பேர் ஒருவராகி, அம்மாவுக்கு முன்னால் மகன் பிறந்துவிடுவான். அப்புறம், ஆவணமே இல்லாத இடங்களும் உண்டு. இங்கிலாந்தின் 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1942இல் தீயில் போய்விட்டது, 1941இல் போர் காரணமாக எடுக்கவே இல்லை, 1921க்கானது நூறாண்டு கழித்து 2022இல் வெளிவந்தது. அடுத்ததான 1951 கணக்கெடுப்பைப் பார்க்க 2052 வரை காத்திருக்க வேண்டும். லண்டன் உறவைத் தேடிக்கொண்டிருந்த ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, "அதற்குள் நானே ஒரு பதிவேட்டில் போய் உட்கார்ந்திருப்பேன்" என்றார்.

சிரிப்பு மட்டும் இல்லை. தன் பாட்டிதான் மூத்தவள் என்று நம்பி வந்த ஒரு அம்மாள், பாட்டிக்கு முன்னால் இரண்டு குழந்தைகள் பிறந்து இறந்திருப்பதைப் பதிவேட்டில் பார்த்துவிட்டு வெகுநேரம் பேசவே இல்லை. மறைத்த கல்யாணம், தத்துப் பிள்ளை, பெயர் மாற்றம் எல்லாம் வரும். இங்கே பார்த்தது வெளியே போகக் கூடாது என்று முதல் நாளே பேசி வைத்துக்கொள், உயிரோடு இருப்பவர்களின் விவரத்தைப் பொதுத் தளத்தில் ஏற்ற விடாதே. கணினி தெரியாதவர் பக்கத்தில் தெரிந்தவரை உட்கார வை. மற்றதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

சினிமா விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. காசு கொடுத்து வாங்கிய டிவிடிதானே என்று கூடத்தில் போட்டுவிடாதே. டிக்கெட் இல்லாவிட்டாலும் அது பொதுத் திரையிடல், பல நாடுகளில் உரிமையாளரின் அனுமதி வேண்டும், ஓடிடி கணக்குக்கும் இதே கதைதான். அமெரிக்காவில் பல நூலகங்கள் வருடாந்திர உரிமம் வாங்கி வைத்துக்கொள்கின்றன. வேடிக்கை என்னவென்றால், அப்படிப்பட்ட சில உரிமங்களில் படத்தின் பெயரை வெளியே விளம்பரம் செய்யவும் கூடாது, "வெள்ளிக்கிழமை ஒரு படம்" என்று மட்டும்தான் போட முடியும். உரிமைக் காலம் முடிந்த பழைய படங்கள் ஒரு வழி. இந்தியாவில் அந்த உரிமை, படம் வெளியான ஆண்டுக்குப் பிறகு 60 ஆண்டுகள், அமெரிக்காவில் பழைய படங்களுக்கு 95. கதைக்கும் பாட்டுக்கும் தனியாக உரிமை இருக்கலாம், அதையும் பார். வசன வரிகள் ஓடட்டும், காது மந்தமானவர்கள் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். முடிந்ததும் "படம் எப்படி?" என்று கேட்காதே, "நன்றாக இருந்தது" என்று எழுந்து போய்விடுவார்கள். எந்தக் காட்சியை வெட்டியிருப்பீர்கள் என்று கேட்டுப் பார், சண்டையே வரும்.

இரண்டையும் சேர்க்க ஒரு யோசனை இருக்கிறது. ஹோம் மூவி டே என்று திரைப்பட ஆவணக் காப்பாளர்கள் 2002இல் தொடங்கிய நிகழ்ச்சி ஒன்று உண்டு, வீட்டில் எடுத்த பழைய படச்சுருள்களை மக்கள் கொண்டுவந்து எல்லோரோடும் பார்ப்பது. வம்சாவளி வகுப்பு சூடு பிடித்த பிறகு அதை நடத்து, வந்தவர்களே தங்கள் அத்தை மாமாவை அடையாளம் சொல்வார்கள். சுருளை எடுத்தவுடன் ப்ரொஜெக்டரில் மாட்டிவிடாதே, வினிகர் வாடை அடித்தால் ஃபிலிம் கெட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், தெரிந்தவரிடம் காட்டிவிட்டு ஓட்டு.

உங்கள் நூலகத்தில் ஸ்கேனர் இருக்கிறதா, கூடத்தில் எத்தனை பேர் உட்காரலாம், இரண்டையும் விசாரித்து எழுது. தேதி முடிவானால் நானும் வருகிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்