விஸ்காம் பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் இதழியல், காட்சித் தொடர்பியல் (விஸ்காம்) பாடத்திட்டங்களை வகுக்கும் பேராசிரியர்களுக்கு,

வணக்கம். நானும் உங்கள் துறையில் படித்து வந்தவன்தான். பல வருடங்களாகச் செய்தித் துறையில் இருக்கிறேன். பயிற்சிக்கு வரும் உங்கள் மாணவர்களோடு நாள்தோறும் பழகுகிறேன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

போன கோடையில் ஒரு மாணவரோடு தூத்துக்குடி உப்பளத்துக்குப் போனேன். விடிவதற்கு முன்பே பாத்தியில் வேலை தொடங்கியிருந்தது. தம்பி கேமராவில் கெட்டிக்காரர். இருட்டிலும் படம் அவ்வளவு சுத்தமாக வந்தது. உப்பு வாரிக்கொண்டிருந்த ஒரு அம்மாவை மூன்று முறை திரும்ப நடக்கச் சொன்னார். அவரும் நடந்தார். நடந்து முடித்து, "இது எதுல தம்பி வரும்? நான் எப்படிப் பார்க்கிறது?" என்று கேட்டார். தம்பியிடம் பதில் இல்லை. அந்த அம்மாவின் பெயரைக்கூட அவர் அதுவரை கேட்டிருக்கவில்லை.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். துறையின் நோக்கங்கள் என்று நீங்கள் அச்சிட்டுத் தரும் பக்கத்தில் படைப்பாற்றல், தொழில்நுட்பத் திறன், வேலைவாய்ப்பு எல்லாம் இருக்கின்றன. 'ஊடக அறம்' ஒரு தாளாகவும் இருக்கிறது. மனப்பாடம் செய்து எழுதி, மதிப்பெண் வாங்கி, அடுத்த செமஸ்டரில் மறந்துவிடுகிற தாள் அது. யாரைப் பற்றிப் பேசுகிறோமோ அவருக்கு நாம் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்பது செய்முறையில் எங்குமே வருவதில்லை.

நம்மிடம் முன்மாதிரி இல்லாமல் இல்லை. வானொலியும் தொலைக்காட்சியும் பயன்படுத்தும் வானலைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-இலேயே சொல்லிவிட்டது. 2004 பிப்ரவரி 1 அன்று அண்ணா பல்கலைக்கழகத்தில் அண்ணா எஃப்.எம். தொடங்கியது, நாட்டின் முதல் வளாக சமுதாய வானொலியாக. மாணவர்களோடு சுற்றுவட்டாரப் பெண்களும் அதில் நிகழ்ச்சி செய்தார்கள். கேட்கிறவரே பேசுகிறவராகவும் இருக்கும் இடத்தில் மாணவர் பொறுப்பைத் தனியாகப் படிக்க வேண்டியதில்லை. தப்பாகச் சொன்னால் மறுநாளே வந்து கேட்பார்கள்.

என் கோரிக்கை ஒன்றுதான். இறுதியாண்டு ஆவணப்படத்தை மதிப்பிடும்போது, படத்தில் வருபவர்களுக்கு அதைப் போட்டுக் காட்டினார்களா, அவர்கள் என்ன சொன்னார்கள், அதற்குப் பிறகு எதை மாற்றினார்கள் என்பதற்கும் மதிப்பெண் வையுங்கள். எடிட்டிங்குக்குத் தருகிற அளவாவது தாருங்கள். முடிந்தால் ஒவ்வொரு மாணவரையும் ஒரு தகவல் உரிமை மனுவாவது போடச் சொல்லுங்கள். 10 ரூபாய்க் கட்டணம், 30 நாள் காத்திருப்பு. சரிபார்ப்பது என்றால் என்னவென்று அந்த ஒரு மனு சொல்லிக்கொடுக்கும்.

அந்த உப்பளத்துக்கு நாங்கள் மறுபடியும் போனோம். அந்த அம்மா மதியச் சாப்பாட்டு நேரத்தில் தம்பியின் போனில் படத்தைப் பார்த்தார். கணவர் இறந்த பிறகு வேறு வழியில்லாமல் உப்பளத்துக்கு வந்தவர் என்று பின்னணிக் குரல் சொன்னதும் நிறுத்தச் சொன்னார். "யார் சொன்னா? நான் கல்யாணத்துக்கு முன்னயிருந்தே அளத்துல நிக்கிறேன். அவருக்கு வேலை பழக்கினதே நான்தான்" என்றார்.

தம்பி அங்கேயே உட்கார்ந்து நோட்டை எடுத்தார். முதலில் பெயரைக் கேட்டார்.

அன்புடன்,
உங்கள் பழைய மாணவன்