செல்விக்கு, தங்கச்சிமடத்திலிருந்து

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. மகளுக்கு வேலை உறுதியான சேதியை அவரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். இங்கே தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகெல்லாம் கரையில்தான். அவர் வாசலில் உட்கார்ந்து வலை பொத்திக்கொண்டிருக்கிறார். நாட்டுப்படகு மீன் கொஞ்சம் வருகிறது, விலைதான் கையைக் கடிக்கிறது.

போன மாதம் வந்தபோது எங்கள் நாய் கருப்பியைப் பார்த்து, "ஏன்டி, இதுக்குச் சோறே போடமாட்டியா?" என்று கேட்டாய். வீடு நிறைய ஆள் இருந்ததால் அப்போது நான் பதில் சொல்லவில்லை. இப்போது உன் லேப்ரடார் நாய் ப்ரூனோவுக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று நீ எழுதியதைப் படித்ததும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கருப்பிக்கு முன்னே நாங்கள் வளர்த்த மணியை உனக்கு நினைவிருக்கும். கருத்தடை செய்த பிறகு உருண்டு திரண்டு நிற்கும், தெருவே மெச்சும். கருத்தடை ஆன நாய்க்குத் தேவைப்படும் தீனி குறைந்துவிடும், பசி மட்டும் குறையாது. அது தெரியாமல் நான் அதே சோறு, அவித்த சாளை, போகிறபோது வருகிறபோது ரஸ்க் என்று கொடுத்துக்கொண்டே இருந்தேன். ஒன்பது வயதில் பின்னங்கால் மூட்டு போய்விட்டது. திண்ணையில் ஏற முடியாமல் கீழே நின்று என் முகத்தைப் பார்க்கும். பத்து நிறையும் முன்னே போய்ச் சேர்ந்தது. அத்தனையும் நான் ஆசையாகக் கொடுத்ததுதான், செல்வி. இன்னும் ஆறவில்லை.

அதன் பிறகுதான் ஒரு டாக்டர் கையால் பார்க்கச் சொல்லிக்கொடுத்தார். இரண்டு உள்ளங்கையையும் நாயின் நெஞ்சுக்கு இருபக்கமும் வைத்து, அழுத்தாமல் தடவ வேண்டும். உன் கையை விரித்து, புறங்கையை மற்றக் கையால் தடவிப் பார். எலும்பு மெல்லிசாகத் தட்டுப்படும். விலா அப்படி இருந்தால் சரியான உடம்பு. முஷ்டி மடக்கி முட்டிகளைத் தடவினால் மேடும் பள்ளமுமாக இருக்கும், அப்படியென்றால் மெலிவு. கட்டைவிரல் அடிச்சதை மாதிரி மெத்தென்று, அழுத்தித் தேடினால்தான் எலும்பு என்றால் கூடிப்போச்சு. பிறகு நாயை நிற்கவைத்து மேலிருந்து பார். விலா முடிந்த இடத்தில் இடுப்பு ஒடுங்க வேண்டும். பக்கத்திலிருந்து பார்த்தால் வயிறு பின்னங்காலை நோக்கி மேலே ஏற வேண்டும். கருப்பி சிப்பிப்பாறைக் கலப்பு. அந்த வகை நாய்களுக்குக் கடைசி இரண்டு மூன்று விலா லேசாகத் தெரிவது இயல்பு. நீ பார்த்தது பட்டினி இல்லை.

மீன் கம்பெனித் தராசில் ஏற்றிப் பார்த்தேன், பதினெட்டு கிலோ. ஆனால் நாட்டு நாய்க்கு இத்தனை கிலோ என்று கணக்கு ஏது? ஒரே நாயின் எடை மாதத்துக்கு மாதம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்கத்தான் தராசு உதவும். மற்றதுக்குக் கைதான்.

ப்ரூனோ எப்போதும் பசி என்று கண்ணைக் காட்டுகிறான் என்கிறாய். அது நடிப்பாக இருக்காது. லேப்ரடார்களில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்கு, வயிறு நிறைந்ததை மூளைக்குச் சொல்லும் ஒரு மரபணுவில் குறை உண்டு என்று 2016இல் கண்டுபிடித்திருக்கிறார்கள். அவன் மேல் கோபப்படாதே. ஆனால் அவன் கேட்கிறான் என்று கொடுக்கவும் கொடுக்காதே. இன்னொரு ஆய்வில் 48 லேப்ரடார் குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்றுக்கு மற்றதைவிடக் கால்பங்கு குறைத்துச் சாப்பாடு போட்டு ஆயுள் முழுக்கக் கவனித்தார்கள். குறைத்துத் தின்ற நாய்கள் ஏறக்குறைய இரண்டு வருஷம் கூடுதலாக வாழ்ந்தன. மூட்டுவலியும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. அதைக் கேட்ட அன்று மணியை நினைத்து அழுதேன்.

முதலில் ஒரு தம்ளரை அளவுக்கென்று ஒதுக்கு. பிஸ்கெட், இட்லித் துண்டு எல்லாம் சேர்த்து நாள் தீனியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. உன் மாமியார் சாப்பிடும்போது ஊட்டுவதும் அந்தக் கணக்கில்தான் வரும், பக்குவமாகச் சொல். ஒரேயடியாகப் பட்டினி போடாதே. வாரத்துக்கு எடையில் நூற்றுக்கு ஒன்று, இரண்டு இறங்கினால் போதும். மதுரை வெயிலில் பகலில் நடத்தவே நடத்தாதே. நாய் மூச்சிரைத்துத்தான் சூட்டை ஆற்றுகிறது, கொழுப்பேறிய உடம்பு ஆறாது. விடியுமுன் கூட்டிப்போ.

இதெல்லாம் தொடங்குமுன் டாக்டரிடம் காட்டிவிடு. மூச்சு வாங்குவது இதயக் கோளாறாகவும் இருக்கலாம். தைராய்டு குறைந்தாலும் உடம்பு போடும். இந்த வாரமே போ, தள்ளாதே.

ஜூலையில் வரும்போது அவனையும் கூட்டிக்கொண்டு வா. வடகடல் பக்கம் அலை அடங்கிய நாளில் முழங்கால் தண்ணீரில் கருப்பியோடு விடலாம். அவன் பாரத்தைத் தண்ணீர் தாங்கிக்கொள்ளும், மூட்டு நோகாது.

இன்றைக்கே அவன் விலாவில் கை வைத்துப் பார்த்துவிட்டு, புறங்கையா அடிச்சதையா என்று எழுது.

அன்புடன்,
ஆரோக்கியம்