டிக்கெட்டைக் கடைசியில் எடு, ஆத்தா

சிவமயம்

பள்ளத்தூர்
ஆவணி 9

அன்பு மகளுக்கு அப்பச்சி எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் சின்னவனும் சுகந்தானே. போனில் பேசினால் பாதியில் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது, மீதியில் சின்னவன் போனைப் பிடுங்கிக்கொள்கிறான். அதனால்தான் எழுதுகிறேன். இதை உன் அம்மா போட்டோ பிடித்து அனுப்புவாள், சாவகாசமாகப் படி.

நீ அனுப்பிய டிசம்பர் பயணத் திட்டத்தைக் காரைக்குடியில் பிரிண்ட் எடுத்து வந்து பட்டாலையில் விரித்து வைத்துப் பார்த்தோம். கலர் கலராகக் கட்டம் போட்டிருக்கிறாய். 14 நாளில் சிங்கப்பூர், கோலாலம்பூர், லங்காவி, பினாங்கு, பாங்காக், அதற்கப்புறம் நம்ம ஊர். உன் அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசி வரி வரைக்கும் பார்த்துவிட்டு, "இதுல சோறு திங்க எந்தக் கட்டத்துல எடம் விட்டிருக்கா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

ஊரைப் பற்றி அப்புறம் பேசுவோம், முதலில் காகிதம். 2021-ல் உனக்கு ஆஸ்திரேலிய பிஆர் கிடைத்தபோது அந்தக் கடிதத்தை எனக்கு அனுப்பினாய், ஞாபகம் இருக்கிறதா? நான் அதையும் பிரிண்ட் எடுத்து இரும்புப் பெட்டியில் வைத்திருந்தேன். நேற்று எடுத்துப் படித்தேன். பிஆர் என்பது அங்கே காலத்துக்கும் இருப்பதற்கு. வெளியே போய்த் திரும்பி வருவதற்குக் கொடுத்திருக்கிற அனுமதி 5 வருஷத்துக்குத்தான். இந்தத் தேதிக்கு அப்புறம் இதை வைத்துக்கொண்டு உள்ளே வர முடியாது என்று அதிலேயே ஒரு தேதி போட்டிருக்கிறது. அது இந்த அக்டோபர் 14. நீ டிசம்பரில் கிளம்புகிறாய். வீட்டைப் பூட்டிக்கொண்டு சந்தோஷமாக வந்துவிடலாம், திரும்பும்போது கவுண்டரில் நிறுத்துவார்கள்.

பயந்துவிடாதே. ரெசிடென்ட் ரிட்டர்ன் விசா என்று ஒன்று இருக்கிறது. கடந்த 5 வருஷத்தில் 2 வருஷமாவது அங்கே இருந்திருந்தால் மறுபடி 5 வருஷத்துக்குக் கொடுக்கிறார்கள். நீ அதற்கும் மேலேயே இருந்திருக்கிறாய். ஆனால் இந்த வாரமே போட்டுவிடு. மாப்பிள்ளை பிஆரும் உன்னோடு சேர்ந்து வந்ததுதானே, அவுகளையும் பார்க்கச் சொல். அதோடு, போன வருஷம் நீ பாஸ்போர்ட் புதுப்பித்தாய். அந்தப் புது நம்பரை அவர்கள் கணக்கில் ஏற்றிவிட்டாயா? பழைய நம்பரே கிடந்தால் விமானக் கம்பெனிக்காரன் தட்டிப் பார்க்கும்போது உனக்கு விசாவே இல்லை என்றுதான் திரையில் காட்டும்.

அடுத்தது சின்னவன். அவன் பிறந்த மூன்றாம் மாதம் ஆஸ்திரேலிய பாஸ்போர்ட் எடுத்தீர்கள். குழந்தை பாஸ்போர்ட்டுக்கு ஆயுள் 5 வருஷம். மலேசியாவில் இறங்குகிற அன்றைக்கு 6 மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும். விரல் விட்டு எண்ணிப் பார். இந்த 6 மாதக் கதையை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்று உனக்கு முழுசாகத் தெரியாது. உன்னிடம் பாதிதான் சொல்லியிருக்கிறோம்.

நீ கல்லூரி விடுதியில் இருந்தபோது அயித்தை மகன் கல்யாணத்துக்கு நாங்கள் சிங்கப்பூர் போகாமல் நின்றோமே, "அம்மாவுக்குக் காய்ச்சல்" என்று உனக்குச் சொன்னோமே, அது பொய். திருச்சி விமான நிலையம் வரைக்கும் போனோம். விடிகாலை 4 மணி. உன் அம்மா அரக்குக் கண்டாங்கி கட்டி, ஒரு வயர் கூடை நிறைய மனகோலமும் சீப்புச் சீடையும் வைத்திருந்தாள். கவுண்டரில் இருந்த பிள்ளை என் பாஸ்போர்ட்டைப் பார்த்துச் சிரித்த முகமாகத் திருப்பித் தந்தது. உன் அம்மா பாஸ்போர்ட்டைப் பார்த்தது, விரலால் எண்ணியது, மறுபடி எண்ணியது. "ஐயா, அம்மாவோடது முடியறதுக்கு 5 மாசம் 11 நாள்தான் இருக்கு. போர்டிங் தர முடியாதுங்க." விசா பக்காவாக இருந்தது, டிக்கெட் பக்காவாக இருந்தது. 32 வருஷம் வங்கியில் மற்றவர்கள் செக்கில் தேதி பார்த்தவன், வீட்டுப் பாஸ்போர்ட்டில் தேதி பார்க்கவில்லை. திரும்பி வருகிற 90 கிலோமீட்டரும் உன் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. திருமயம் கோட்டை தாண்டும்போது கூடையைத் திறந்து மனகோலத்தை டிரைவர் தம்பிக்கு எடுத்துக் கொடுத்தாள். எனக்குக் கொடுக்கவில்லை.

சின்னவனுக்கு இந்தியா வர ஏற்பாடு என்ன? போன தடவை இ-விசாவில் வந்தான். "அடுத்த தடவைக்குள்ள ஓசிஐ போட்டுடுவோம்பச்சி" என்றாய், வெளிநாட்டுக் குடிமகனான நம்மவர்களுக்கு இந்தியா கொடுக்கிற அந்த அட்டையை. பேரில்தான் ஓசி இருக்கிறதே தவிர அதற்கும் காசு கட்டத்தான் வேண்டும், வாரக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும். இப்போது தொடங்கினால் டிசம்பருக்கு வரலாம், வராமலும் போகலாம். கை கூடாவிட்டால் இ-விசாவே போதும். திருச்சியில் இறங்குகிறவர்களுக்கும் அது செல்லும். கிளம்புவதற்கு 4 நாள் முன்னாடியாவது போட்டாக வேண்டும் என்கிறார்கள், நீ மூன்று வாரம் முன்னாடியே போடு. ஒரு விஷயம்: அவனுக்குப் புது பாஸ்போர்ட் எடுப்பதாக இருந்தால் அதை முதலில் முடி. அதற்கப்புறம்தான் ஓசிஐயோ விசாவோ. இல்லையென்றால் பழைய நம்பரில் ஒன்று, புது நம்பரில் ஒன்று என்று சிக்கிக்கொள்வாய்.

எங்கள் பக்கத்துக் காகிதம் சரியாக இருக்கிறது. இரண்டு பாஸ்போர்ட்டும் 2031 வரைக்கும் ஓடும். மலேசியாவுக்கு 2023 டிசம்பர் 1 முதல் நமக்கு விசா வேண்டாம், 30 நாள் இருக்கலாம். இந்தச் சலுகையை 2026 டிசம்பர் 31 வரைக்கும் நீட்டியிருக்கிறார்கள். நாம் டிசம்பர் 20 வாக்கில் இறங்கினால் கவலையில்லை. உன் திட்டத்தை ஜனவரிக்குத் தள்ளினால் மறுபடி விசாரித்தாக வேண்டும். திரும்பி வரும் டிக்கெட், தங்குமிட ரசீது, கையில் பணம் இருப்பதற்கு அத்தாட்சி, மூன்றும் கேட்டால் காட்ட வேண்டும். அவர்களுடைய டிஜிட்டல் வருகை அட்டையை இறங்குவதற்கு முந்தின 3 நாளுக்குள் ஆன்லைனில் நிரப்ப வேண்டும், சின்னவனுக்கும் தனியாக ஒன்று. அது இலவசம். எதிர்வீட்டு அண்ணன் ஏதோ ஒரு தளத்தில் போய் இரண்டு பேருக்கும் பணம் கட்டிவிட்டு வந்து, "ரொம்ப ஈசியா முடிஞ்சுது தம்பி" என்று என்னிடமே பெருமை பேசினாக. நான் ஒன்றும் சொல்லவில்லை.

டிக்கெட் போடும்போது என் பெயரில் மட்டும் கவனமாக இரு. நம்ம வீட்டு விலாசம், அதாவது பெயருக்கு முன்னால் வருகிற எழுத்து, என்ன லேசுப்பட்டதா? அப்பச்சி பெயர், தாத்தாவான ஐயா பெயர், அவுக அப்பச்சி பெயர் என்று மூன்று தலைமுறை எழுத்து முன்னால் நிற்கிறது. வட்டித் தொழிலுக்கு அந்த எழுத்துகள்தான் முகம். ஒரே பெயரில் ஊரில் பத்து பேர் இருந்தாலும் எழுத்தைச் சொன்னால் எந்த வீடு என்று தெரிந்துவிடும். பாஸ்போர்ட்காரனுக்கு அது புரியாது, இனிஷியல் எல்லாவற்றையும் விரித்து எழுது என்றான். விரித்தேன். இப்போது என் பெயர் ஒரு கல்யாணப் பத்திரிகை நீளம். ஆதாரில் எழுத்தாக இருக்கிறது, பாஸ்போர்ட்டில் முழுசாக இருக்கிறது. நீ பாஸ்போர்ட்டில் உள்ளபடிதான் அடிக்க வேண்டும், ஒரு எழுத்து கூடவும் வேண்டாம் குறையவும் வேண்டாம். உன் அம்மாவுக்கு நேர்மாறு: சர்நேம் கட்டம் காலி. அந்த இடத்தில் என்ன போடுவது என்று கம்பெனிக்குக் கம்பெனி ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஊகத்தில் அடிக்காமல் அவர்களிடமே கேட்டுவிட்டு அடி.

இனி ஊர். ஆத்தா, சிங்கப்பூரையும் பாங்காக்கையும் லங்காவியையும் எடுத்துவிடு. சிங்கப்பூருக்கு எங்களுக்கு விசா வேண்டும், ஏஜென்ட் மூலமாகப் போட வேண்டும், இரண்டு நாளுக்காக அந்தப் பாடு வேண்டாம். பாங்காக் எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை, மாப்பிள்ளைக்கு ஆசையென்றால் நீங்கள் தனியாக ஒரு தடவை போய் வாருங்கள். நமக்குப் பினாங்கு போதும், 6 நாள் முழுசாக. திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு நேர் விமானம், 4 மணி நேரம். நீங்கள் மெல்போர்னிலிருந்து அங்கே வந்துவிடுங்கள். ஒரு ராத்திரி தங்கிவிட்டு மறுநாள் ரயிலில் பட்டர்வொர்த், அங்கிருந்து ஃபெர்ரி. விமானத்தில் ஒரு மணி நேரத்தில் போகலாம் என்று நீ சொல்வாய். ஆனால் பினாங்குக்குக் கடல் வழியாகப் போய் இறங்க வேண்டும் என்பது என் ஆசை. எங்க ஐயா அப்படித்தான் இறங்கினாக.

அவுக பாஸ்போர்ட்டும் அதே இரும்புப் பெட்டியில்தான் இருக்கிறது. நெற்றி நிறைய விபூதி, ஒரு காதில் கடுக்கன், கேமராவை முறைத்துப் பார்க்கிற 22 வயது. நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கு ஸ்ட்ரீட்டில் நம்ம நகரத்தார் வட்டித் தொழில் நடத்திய கிட்டங்கியில் அடுத்தாளாக, அதாவது உதவியாளாக, போய் உட்கார்ந்தாக. நீள ஹாலில் ஆளுக்கொரு பெட்டி, அதுதான் ஆபீஸ், ராத்திரி அதற்குப் பக்கத்திலேயே படுக்கை. மூன்று வருஷம் ஒரு கணக்கு, முடித்துவிட்டு ஊருக்கு வந்து, பிள்ளை முகம் பார்த்துவிட்டு மறுபடி கப்பல். அந்தத் தெருவில் ஒரு தடவை நடக்க வேண்டும், கோயில் வீட்டைப் பார்க்க வேண்டும். 1894-லிருந்து ஓடுகிற வெள்ளி ரதத்தை நாம் போகிற நாளில் பார்க்க முடியாது, அது தைப்பூசத்துக்குத்தான் தெருவுக்கு வரும். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு 500 படிக்கு மேல் ஏற வேண்டுமாம். என் முழங்காலைப் பற்றி நீ ஒன்றும் பேசக்கூடாது, மெதுவாக ஏறுவேன்.

பணத்துக்கு வருகிறேன். என் தொழில் அதுதானே. ஒரு ஊர்ப் பணத்தை இன்னொரு ஊர்ப் பணமாக மாற்றும்போது நடுவில் இருக்கிறவன் பிடித்துக்கொள்வதற்கு நம்மவர்கள் வட்டம் என்று பெயர் வைத்திருந்தார்கள். வட்டம் இப்போதும் இருக்கிறது, மெஷினுக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறது. கடையில் கார்டைக் கொடுத்தால், மலேசியப் பணமான ரிங்கிட்டில் எடுக்கவா, உங்கள் ஊர்ப் பணத்தில் எடுக்கவா என்று கேட்கும். ஏதோ உபகாரம் மாதிரி இருக்கும். உன் ஊர்ப் பணம் என்று அமுக்கினால் அவன் வைத்ததுதான் ரேட். எப்போதும் ரிங்கிட்டையே அமுக்கு, ஏடிஎம்மிலும் அப்படித்தான். நம்ம ஊர் சாதா கிரெடிட் கார்டில் 3.5 சதவீதம் வரைக்கும் மார்க்கப் எடுக்கிறார்கள், அதன் மேல் ஜிஎஸ்டி வேறு. அதனால் நாங்கள் ஃபாரெக்ஸ் கார்டில் கொஞ்சம் ஏற்றிக்கொள்கிறோம், இட்லிக் கடைக்கும் கோயில் உண்டியலுக்கும் ரிங்கிட் நோட்டாகக் கொஞ்சம். அதைக் காரைக்குடியிலேயோ திருச்சி ஊருக்குள்ளேயோ மாற்றிவிடுவேன், விமான நிலையத்தில் மாட்டேன். ரொக்கம் கொடுத்து மாற்றினால் 50,000 ரூபாய்க்குள்தான் தருவார்கள், அதற்கு மேல் கார்டோ செக்கோ. நோட்டாக 3,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரைக்கும் கொண்டுபோகலாம், நம்ம ரூபாய் ஆளுக்கு 25,000. 10 லட்சத்துக்கு மேல் அனுப்பினால் 20 சதவீதம் டிசிஎஸ் என்கிற வரியை முன்னாலேயே பிடிப்பார்கள், நாம் அந்தப் பக்கமே போகப்போவதில்லை. செலவை நீயே பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். தங்கும் செலவு உன்னுடையதாக இருக்கட்டும். எங்கள் டிக்கெட் எங்களுடையது. இதில் பேச்சில்லை.

உன் அம்மா சொல்லச் சொன்னது இரண்டு. தை முகூர்த்தத்துக்குக் கழுத்திரு லாக்கரிலேயே இருக்கிறது, அங்கிருந்து நகை எதுவும் சுமந்து வரவேண்டாம். இன்னொன்று, திரும்பும்போது போன தடவை மாதிரி வத்தலையும் மாவடுவையும் துணிக்குள் சுருட்டி வைக்கக்கூடாது. உங்கள் ஊர் ஏர்போர்ட்டில் சாப்பாட்டுச் சாமான் எது இருந்தாலும் அட்டையில் எழுதிக் காட்டிவிட வேண்டும். காட்டியது பறிபோனாலும் பரவாயில்லை, காட்டாமல் போனால்தான் அபராதம். அவள் இப்போதே மாவடு ஜாடியைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் மூன்று பேர் பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தையும் எனக்கு அனுப்பு. போன தடவை சின்னவனுடையதில் தேதி இருக்கிற இடத்தை உன் கட்டைவிரல் மறைத்திருந்தது. விரலை நகர்த்திவிட்டு எடு.

இப்படிக்கு
அப்பச்சி