உடைத்தால்தான் தெரியும்

கோயம்புத்தூர்

அன்புள்ள வேலாயுதத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்து, இப்போது செய்தித்தாளைத் தானே படிக்கிறார் என்று வீட்டில் எல்லோரிடமும் சொன்னேன். இங்கே யாவரும் நலம். பெரியவள் ஓசூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். சின்னவன் பன்னிரண்டாம் வகுப்பு. உன் அப்பா காலத்திலிருந்து காலியாகக் கிடந்த அந்த மனையில் அஸ்திவாரம் தோண்டியாகிவிட்டது என்று படித்தபோது மனம் நிறைந்துவிட்டது.

கான்கிரீட்டுக்குக் கம்பி வாங்கப் போன இடத்தில், ‘550 ரகம் வாங்குங்கள், 500-ஐவிட வலு அதிகம்’ என்று கடைக்காரர் சொல்வதைக் கேட்கலாமா என்கிறாய். ஸ்கேன் எடுத்து உள்ளே பார்க்கிற காலத்தில், நல்ல கம்பியை இழுத்து உடைத்துச் சோதிப்பது வீண் செலவில்லையா என்றும் கேட்டிருக்கிறாய். இரண்டும் ஒரே இடத்தில் போய் முடிகிற கேள்விகள்.

எங்கள் சோதனைக் கூடத்துக்கு 12 மி.மீ. முறுக்குக் கம்பி வந்தால் முதலில் தராசில் ஏற்றுவோம். மேலே புடைப்பு வரிகள் ஓடுவதால் வெர்னியரால் அளந்த விட்டம் உதவாது. எடையையும் நீளத்தையும் வைத்தே குறுக்குவெட்டுப் பரப்பைக் கணக்கிட வேண்டும். மீட்டருக்கு 888 கிராம் என்பது கணக்கு. எடை கணிசமாகக் குறைந்தால் அங்கேயே சந்தேகம் தொடங்கிவிடும். பிறகு கம்பியின் மேல் குறிகள் இடுவோம். எந்த இடத்தில் அறும் என்று முன்கூட்டித் தெரியாததால் நீளம் முழுக்க இட வேண்டும். கம்பி எவ்வளவு நீள்கிறது என்று பார்க்க, விட்டத்தின் ஐந்து மடங்கு, அதாவது 60 மி.மீ. நீளத்தை எடுத்துக்கொள்வோம்.

இயந்திரத்தின் தாடைகள் இரு முனைகளையும் கவ்விக்கொள்ள, பளு சீராக ஏறும். 500 ரகக் கம்பியானால் ஐந்தே முக்கால் டன்னாவது தாங்கிய பிறகுதான் இளக வேண்டும். இளகும் நேரத்தில் முள் தயங்கி நிற்கும். பளு ஏறாது, கம்பி மட்டும் நீண்டுகொண்டே போகும். அதன்மேல் ஒட்டியிருந்த கருஞ்செதில்கள் பொலபொலவென்று உதிரும். பிறகு கம்பி மறுபடியும் இறுகி எதிர்த்து நிற்கும், பளு உச்சத்துக்குப் போகும். அதன்பின் ஏதோ ஓரிடத்தில் மட்டும் கம்பி மெலியத் தொடங்கும். கழுத்து விழுகிறது என்போம். சில நொடிகளில் பெரும் சத்தத்துடன் அறுந்துவிடும். அறுந்த முனையைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். இரண்டு துண்டுகளையும் பொருத்தி வைத்து, குறிகளுக்கு இடையே மீண்டும் அளப்போம். 60 மி.மீ. இருந்தது 69.6 ஆகியிருந்தால் நீட்சி 16 விழுக்காடு.

இந்த நீட்சிதான் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. கடையில் எவரும் இதைக் கேட்பதே இல்லை. 500, 550 என்று கம்பியில் பொறித்திருப்பது, எவ்வளவு பளுவில் அது இளகத் தொடங்கும் என்பதை மட்டுமே சொல்லும். இளகிய பிறகு அறுவதற்குள் எவ்வளவு நீளும் என்பது அதில் இல்லை. நம் நாட்டுத் தர நிர்ணயம் ஐ.எஸ். 1786-இன் 2008 பதிப்பில் 550 ரகத்துக்குக் குறைந்தபட்ச நீட்சி 10 விழுக்காடு, 500 ரகத்துக்கு 12. நீளும் குணம் கூடிய 500டி ரகத்துக்கு 16. அந்த ‘டி’ என்ற ஓர் எழுத்துக்காகத்தான் உன்னிடம் இவ்வளவு மன்றாடுகிறேன். கான்கிரீட் நொறுங்குவதற்கு முன் கம்பி இளக வேண்டும் என்ற கணக்கில்தான் உத்தரத்தை வடிவமைக்கிறார்கள். நீளும் கம்பி இருந்தால் உத்தரம் தொய்யும், விரிசல் கண்ணுக்குத் தெரியும், உள்ளே இருப்பவர்கள் வெளியே ஓட நேரம் கிடைக்கும். நிலம் அதிர்ந்தால் அந்த ஆட்டத்தை உள்வாங்கிக்கொள்வதும் இந்தக் குணம்தான். இருப்பதிலேயே வலுவான கம்பி என்று வாங்கி, அது சொல்லாமல் கொள்ளாமல் அறுந்தால் என்ன பயன்?

போன வருடம் ஓர் ஒப்பந்ததாரரின் கம்பி எங்களிடம் வந்தது. வலிமையில் தேவைக்கு மேலேயே நின்றது, நீட்சியில் தேறவில்லை. ‘அதிக பளு தாங்குகிறதே, அப்புறம் என்ன?’ என்று அவர் வாதாடினார். எங்கள் பொறியாளர் அசையவில்லை. அறிக்கையில் உள்ளது உள்ளபடியே போனது. இந்த வேலையில் எனக்குப் பெருமை தருகிற நாட்கள் அவை.

ஸ்கேனுக்கு வருகிறேன். ஒலியலை அனுப்பி உள்ளே பார்க்கும் மீயொலிக் கருவியை நான் குறைத்துப் பேச மாட்டேன். உள்ளே விரிசல் இருக்கிறதா, வெல்டிங்கில் ஓட்டை விழுந்திருக்கிறதா என்பதை அருமையாகக் காட்டும். ஆனால் இந்தக் கம்பி எவ்வளவு நீண்டு அறும் என்று அதனால் சொல்ல முடியாது. ஸ்வீடன்காரர் பிரினெல் 1900-இல் கொண்டுவந்த கடினச் சோதனையில், குண்டை அழுத்தி விழுந்த பள்ளத்தை அளந்தே எஃகின் வலிமையை ஓரளவு ஊகிக்கலாம். அதிலும் நீட்சி தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள அறுத்துத்தான் பார்க்க வேண்டும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். அந்த ஒரு சோற்றை நசுக்காமல் பதம் பார்க்க வழியில்லை.

அறுத்துப் பார்ப்பதிலும் வகை உண்டு. 1943 ஜனவரி 16 அன்று, அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் ஸ்கெனெக்டடி என்ற புத்தம் புதிய எண்ணெய்க் கப்பல், அலையில்லாத நீரில் கரையோரம் கட்டி நின்றபடியே ஏறக்குறைய இரண்டாகப் பிளந்தது. புயலும் இல்லை, மோதலும் இல்லை. அன்று நல்ல குளிர். போர்க்காலத்தில் பற்றவைத்துக் கட்டிய கப்பல்கள் பல இப்படிப் பிளந்ததால் எல்லோரும் வெல்டிங்கைக் குறை சொன்னார்கள். கேம்பிரிட்ஜில் கான்ஸ்டன்ஸ் டிப்பர் என்ற அம்மையார் அந்த எஃகையே ஆராய்ந்தார். குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே போனால் அது நீளும் குணத்தை இழந்து நொறுங்குகிறது என்று காட்டினார். சாதாரண வெப்பநிலையில் மெல்ல இழுத்துப் பார்த்தால் இது வெளிப்படாது. அதற்குத்தான் சார்ப்பி சோதனை. 10 மி.மீ. சதுரமும் 55 மி.மீ. நீளமும் உள்ள துண்டில் சிறு வெட்டுப் போட்டு, தேவையான அளவுக்குக் குளிர வைத்து, ஊசல் சுத்தியலால் ஒரே அடியில் உடைப்போம். குளிரிலிருந்து எடுத்த ஐந்து நொடிக்குள் அடி விழ வேண்டும். எங்களிடம் புதிதாகச் சேர்ந்திருக்கும் பயிற்சிப் பெண் இடுக்கியோடு அதைச் செய்கிற லாவகத்தை நீ பார்க்க வேண்டும். உடைந்த முகம் மங்கலாக, நார் நாராக இருந்தால் மனம் ஆறும். பளபளவென்று சர்க்கரைப் படிகமாய் மின்னினால் கவலைதான்.

இந்த முறிந்த முகத்தைப் படிப்பதில் முன்னோடி டேவிட் கிர்கால்டி என்ற ஸ்காட்லாந்துக்காரர். ஒரே இரும்பை மெல்ல இழுத்தால் நாராகவும், சட்டென்று உடைத்தால் மணிமணியாகவும் முறியும் என்று எடுத்துக் காட்டியவர் அவர். லண்டன் சதர்க் தெருவில் 1874-இல் அமைத்த சோதனைச் சாலையின் வாசலுக்கு மேலே ‘உண்மைகளே, கருத்துகள் அல்ல’ என்று கல்லில் பொறித்து வைத்தார். 1879-இல் ஸ்காட்லாந்தின் டே ஆற்றுப் பாலம் இடிந்து ரயிலோடு ஆற்றில் விழுந்தபோது, அதன் இரும்பு அவருடைய இயந்திரத்துக்குத்தான் வந்தது. அந்தக் கட்டடம் இன்னமும் இருக்கிறது. ஒருமுறையாவது போய்ப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

உன் வேலைக்கு வருவோம். 500டி கேள். இல்லையென்றால் 550டி-யும் சரிதான், அதற்கு நீட்சி குறைந்தது 14.5 இருக்க வேண்டும். வெறும் 550 வேண்டாம். லாரி வந்திறங்கியதும் வெவ்வேறு கட்டுகளிலிருந்து மீட்டர் நீளத்தில் மூன்று துண்டுகள் வெட்டச் சொல். கேஸ் வைத்து வெட்டவே கூடாது. இந்தக் கம்பியின் வெளிவளையம் ஆலையில் தண்ணீர் பீய்ச்சித் திடீரெனக் குளிரவைத்ததால் இறுகியது, நெருப்புப் பட்டால் அந்தப் பதம் போய்விடும். ரம்பத்தால் அறுத்து, கட்டில் உள்ள ஆலை அட்டையைத் துண்டோடு சேர்த்துக் கட்டிப் பார்சலில் அனுப்பு. அறிக்கை வரும்வரை மேஸ்திரியைக் கம்பி கட்ட விடாதே. ஒரு வாரம் தள்ளிப்போனால் போகட்டும்.

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல். தளம் போடும் தேதி முடிவானதும் எழுது, அன்றைக்கு அங்கே இருப்பேன்.

அன்புடன்,
ராமநாதன்