கலங்கல் இல்லாத கரை எழுப்பாதீர்கள்: சென்னை எல்லைச் சாலையின் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நெடுஞ்சாலைத் துறைப் பொறியாளர்களுக்கு,

வணக்கம். திருவள்ளூருக்கு அருகே ஏரித் தண்ணீரை நம்பி நெல் பயிரிடும் குடும்பத்தைச் சேர்ந்தவன் நான். எண்ணூர்த் துறைமுகப் பகுதியில் தொடங்கி தச்சூர், திருவள்ளூர், திருப்பெரும்புதூர், சிங்கப்பெருமாள்கோவில் வழியாக மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரி வரை, ஏறத்தாழ 132 கிலோமீட்டர் நீளத்துக்கு நீங்கள் போட்டுவரும் சென்னை எல்லைச் சாலையைப் பற்றி எழுதுகிறேன்.

சாலை வரட்டும். திருப்பெரும்புதூர்த் தொழிற்சாலைகளிலிருந்து துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் ஊருக்குள் புகுந்து வரிசை கட்டி நிற்பதைப் பார்த்தவர்கள் யாரும் இந்தச் சாலை வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். என் கவலை சாலையைப் பற்றியது அல்ல, அதன் அடியில் போக வேண்டிய தண்ணீரைப் பற்றியது.

எங்கள் நிலம் மேற்கிலிருந்து கிழக்காகச் சரிகிறது. கண்ணுக்குத் தெரியாத சரிவுதான். ஆனால் கொசஸ்தலையாறும் கூவமும் அடையாறும் அந்தச் சரிவை நம்பித்தான் கடலுக்குப் போகின்றன. ஆறுகளுக்கு இடைப்பட்ட நிலம் முழுவதும் ஏரிகள். பழைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் மட்டும் பொதுப்பணித் துறைக் கணக்கில் 900க்கும் மேற்பட்ட ஏரிகள் இருந்தன. ஊராட்சிகளின் சின்ன ஏரிகளும் தாங்கல்களும் அந்தக் கணக்கில் சேரவில்லை. இவை தனித்தனிக் குட்டைகள் அல்ல. மேலே ஓர் ஏரி நிறைந்தால், மிகுதித் தண்ணீர் வெளியேறக் கரையில் விட்டிருக்கும் கலங்கல் வழியே தண்ணீர் வழிந்து, போக்குக்கால்வாயில் இறங்கி, கீழே இருக்கும் ஏரிக்கு வரத்துக்கால்வாயாகப் போய்ச் சேரும். ஓர் ஊரின் மிகுதித் தண்ணீர் அடுத்த ஊரின் விதைநெல்.

இப்போது உங்கள் சாலையின் வரைபடத்தைப் பாருங்கள். தச்சூரைத் தாண்டிச் சிங்கப்பெருமாள்கோவில் வரை இறங்கும் நடுப்பகுதி பெரும்பாலும் வடக்கு தெற்காகப் போகிறது. தண்ணீரோ மேற்கிலிருந்து கிழக்கே வருகிறது. ஆறு வழிச் சாலை, இருபுறமும் சேவைச் சாலை, அதற்கேற்ற அகலத்தில் ஆள் உயரத்துக்கும் மேலே மண் நிரப்பிக் கெட்டித்த மேடு. உங்கள் ஒப்பந்தத்தில் இதற்குப் பெயர் சாலை. எங்கள் கண்ணுக்கு இது ஏரிக்கரை. இந்த வட்டாரத்தில் இதுவரை யாரும் எழுப்பாத நீளத்துக்கு ஓர் ஏரிக்கரை.

கரை எழுப்புகிறவன் முதலில் கலங்கலுக்கு இடம் பார்ப்பான். எந்த மட்டத்துக்கு மேல் தண்ணீர் நிற்கக் கூடாது, வழியும் தண்ணீர் எங்கே இறங்கும், அங்கே யாருடைய நிலம் இருக்கிறது என்று தீர்மானித்த பிறகே முதல் கூடை மண் விழும். எங்கள் ஏரியின் பழைய கலங்கலில் வரிசையாகக் கல் நட்டிருக்கிறார்கள். மழைக்காலம் முடியும் தறுவாயில் அந்தக் கற்களுக்கு இடையே புல்லையும் மண்ணையும் அடைத்து இன்னும் ஒரு முழம் தண்ணீரை நிறுத்துவார்கள். பெருமழை வந்தால் அடைப்பைப் பிரித்துவிடுவார்கள். உத்திரமேரூரில் 919, 921 ஆம் ஆண்டுகளில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் வெட்டிய கல்வெட்டுகளில் ஏரி வாரியம் என்றே ஒரு குழு வருகிறது. குடவோலையில் பெயர் எடுத்து, ஏரியைப் பார்த்துக்கொள்ள ஊரே ஆள் அமர்த்தியிருக்கிறது. அந்த ஊர் உங்கள் சாலையிலிருந்து வெகு தொலைவில் இல்லை.

எங்கள் ஊரில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன் ஊருக்கு மேற்கே ஒரு புறவழிச்சாலை வந்தது. போட்டது யார் என்பது இங்கே தேவையில்லை. எங்கள் ஏரியின் வரத்துக்கால்வாய் அதன் குறுக்கே வந்தது. ஓர் ஆள் இறங்கி நின்றால் தலை மட்டும் தெரியும் ஆழம், மாட்டுவண்டி இறங்கி ஏறும் அகலம். அதற்குப் பதிலாக இரண்டு சிமெண்ட் குழாய்களைப் பதித்து மேலே மண் போட்டு மூடினார்கள். வேலை நடந்தது சித்திரை, வைகாசியில். அப்போது கால்வாயில் சீமைக்கருவேல முள்ளும் ஆடு மேய்த்த தடமும்தான் இருந்தன. பார்த்தவர்களுக்கு அது கால்வாயாகவே தெரிந்திருக்காது.

ஐப்பசியில் மழை பிடித்தது. மூன்றாம் நாள் எங்கள் ஊர் நீர்க்கட்டிப் பெரியவர் என்னைக் கூட்டிக்கொண்டு அந்தக் குழாய்க்குப் போனார். நீர்க்கட்டி என்பவர் மதகு திறந்து மூடுகிறவர் மட்டும் அல்லர். எந்த வயலுக்கு எத்தனை நாழிகைத் தண்ணீர், எந்த மழைக்கு எந்தக் கால்வாய் முதலில் ஓடும் என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருக்கும். குழாய் வாயருகே முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்றார். கரையில் கிடந்த வைக்கோலில் ஒரு துரும்பை எடுத்துத் தண்ணீரில் போட்டார். துரும்பு குழாய்க்குள் போகவில்லை. அங்கேயே ஒரு சுற்றுச் சுற்றியது, பிறகு மெல்லத் திரும்பி எங்களை நோக்கி வந்தது. பெரியவர் கையை நீட்டி, குழாயின் அடிவிளிம்பைத் தடவி, அங்கிருந்து கால்வாய்த் தரை வரை முழம் போட்டார். "வாய்க்காலைவிட ஒரு முழம் மேலே வைத்துவிட்டார்கள், தம்பி" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

அந்த ஒரு முழம் என்ன செய்தது? சாலைக்கு மேற்கே இருந்த ஊரில் சம்பாப் பயிர் எட்டு நாள் தண்ணீருக்குள் நின்று அழுகியது. சாலைக்குக் கிழக்கே எங்கள் ஏரி பாதிகூட நிறையவில்லை. ஒரே மழையில் ஓர் ஊருக்கு வெள்ளம், அடுத்த ஊருக்கு வறட்சி. தலைமுறை தலைமுறையாகப் பெண் கொடுத்துப் பெண் எடுத்த இரண்டு ஊர்களும் அந்த ஆண்டு காவல் நிலையத்தில் எதிரெதிரே நின்றன. மேல் ஊர்க்காரர்கள் இரவில் சாலையை வெட்டப் பார்த்தார்கள் என்று புகார். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

இது சின்ன ஊரின் கதை என்றால், 2015 டிசம்பரைப் பாருங்கள். தாம்பரத்துக்கு மேற்கே முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் மக்களைப் படகில் மீட்டதை நாடே பார்த்தது. அடையாற்றின் வெள்ளச் சமவெளி அது. வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை போகும் 62 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலையின் முதல் கட்டம் அதற்கு முந்தைய ஆண்டுதான் திறக்கப்பட்டிருந்தது. பெய்த மழை அசாதாரணமானது, ஏரிகளும் ஆக்கிரமிப்பில் இருந்தன, உண்மைதான். ஆனால் உயர்ந்த சாலை மேடு தண்ணீரின் வழியில் நின்றதும் காரணங்களில் ஒன்று என்று அந்தப் பகுதி மக்கள் அன்றிலிருந்து சொல்லிவருகிறார்கள். வீடுகள் எழும்பிய பிறகு வடிகாலுக்கு இடம் தேடுவது எவ்வளவு கடினம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எல்லைச் சாலை, அந்த வெளிவட்டச் சாலைக்கும் வெளியே, இன்னும் மேற்கே, ஏரிகள் இன்னும் நெருக்கமாக இருக்கும் நிலத்தில் போகிறது. இங்கே பல இடங்களில் இன்னும் வீடுகள் வரவில்லை. இப்போது செய்தால் கைக்கு அடக்கமான வேலை.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. ஒவ்வொரு ஊர் எல்லையிலும் அந்த ஊரின் நீர்க்கட்டியையோ, அவர் இல்லாவிட்டால் ஏரிப் பாசன சங்கத்து ஆள் ஒருவரையோ கூட்டிக்கொண்டு, மழைக்காலத்தில், தண்ணீர் ஓடும்போது, சாலைத் தடத்தில் நடந்து பாருங்கள். நில அளவைப் புலப்படத்தில் வாய்க்கால் புறம்போக்கு என்று இருக்கும் இடங்களில் மட்டும் பாலம் வைத்தால் போதாது. பட்டா நிலத்தின் மேலாகவே பரவி வழியும் தண்ணீர் உண்டு. அதற்கு எந்த ஆவணத்திலும் கோடு கிடையாது. அதைக் காலால் உணர்ந்தவர்களுக்குத்தான் தெரியும்.

சிறுபாலம் கட்டும் இடத்தில், மண் போடுவதற்கு முன்பே, கால்வாய்த் தரையின் மட்டத்தை ஊர்க்காரர்கள் முன்னிலையில் அளந்து, இருபுறமும் கல் நட்டுக் குறித்துவிடுங்கள். பாலத்தின் தரை அந்தக் கல்லுக்கு மேலே போகக் கூடாது. குழாய்களை விடப் பெட்டிப் பாலம் நல்லது. குழாய்க்குள் ஒரு வேலிகாத்தான் முள் சிக்கினால் அந்த ஆண்டு முழுவதும் அது அடைப்புதான், உள்ளே போய் எடுக்க ஆளும் போக முடியாது. ஒவ்வொரு ஊரின் எல்லைக்குள்ளும் எத்தனை பாலம், எத்தனை கண், என்ன அகலம், என்ன மட்டம் என்பதைத் தமிழில் எழுதி ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். தவறு இருந்தால் சிமெண்ட் இறுகுவதற்கு முன்பே ஊர் சொல்லிவிடும். ஒரு மழைக்காலம் தண்ணீர் ஓடிப் பார்த்த பிறகே ஒப்பந்தக்காரருக்குக் கடைசித் தொகையைக் கொடுங்கள்.

மண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. இவ்வளவு நீள மேட்டுக்குச் சவுடு மண் ஏரிகளிலிருந்துதான் வரும். ஏரியில் மண் எடுப்பதை நாங்கள் எதிர்க்கவில்லை. தூர் வாரினால் எங்களுக்கே நல்லது. ஆனால் லாரி இறங்கி ஏற வசதியான ஓர் ஓரத்தில் மட்டும் இருபது அடி தோண்டிவிட்டுப் போவது தூர் வாருவது ஆகாது. மதகின் அடிமட்டத்துக்குக் கீழே நிற்கும் தண்ணீர் எந்த வயலுக்கும் ஏறாது. அந்தப் பள்ளத்தில் குளிக்க இறங்கிய பிள்ளைகளின் சாவுச் செய்தியை ஆண்டுதோறும் செய்தித்தாளில் படிக்கிறோம். ஏரி முழுவதும் சமமாக, அனுமதித்த ஆழத்துக்கு மட்டும், கரையை விட்டுத் தள்ளி எடுக்கச் சொல்லுங்கள். அதே லாரிகள் உங்கள் சாலையையும் கட்டும், எங்கள் ஏரியையும் ஆழமாக்கும்.

நிலம் ஒரு பக்கமும் வீடு மறு பக்கமுமாகப் போகிறவர்களுக்குச் சுரங்கப் பாதை வைக்கிறீர்கள், நன்றி. அதன் உயரத்தை நெல் அறுவடை இயந்திரத்தை வைத்து அளந்து பாருங்கள். வைக்கோல் ஏற்றிய டிராக்டரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சாலை திறந்த மறுமாதமே மனைப்பிரிவுக் கொடிகள் வந்துவிடும். வெளிவட்டச் சாலையின் இரு பக்கமும் அதைப் பார்த்தோம். நீங்கள் கவனமாக வைத்த பாலத்தின் வாயில் ஒருவர் மண்ணடித்து மனை போட்டால், உங்கள் உழைப்பு வீண். இது உங்கள் கையில் மட்டும் இல்லை, ஊரமைப்புத் துறையின் கையிலும் இருக்கிறது. ஆனால் பாலங்களின் பட்டியலை அவர்களுக்கு எழுத்தில் அனுப்பி, ஒவ்வொரு பாலத்துக்கும் மேலும் கீழும் தண்ணீர்த் தடத்தில் மனை அனுமதி தரக் கூடாது என்று கேட்க உங்களால் முடியும். அந்தக் கடிதத்தின் நகலைச் சுவரில் ஒட்டினால் மீதியை நாங்கள் பார்த்துக்கொள்வோம்.

எங்கள் நீர்க்கட்டிப் பெரியவர் இப்போது இல்லை. அவர் மகன் இருக்கிறார். அப்பாவோடு நடந்து நடந்து எல்லாக் கால்வாயும் அவருக்கு மனப்பாடம். இந்த ஐப்பசியில் மழை பிடித்த மூன்றாம் நாள் காலை உங்களில் யாராவது ஒருவர் எங்கள் ஏரிக்கரைக்கு வாருங்கள். வரைபடத்தை ஒரு பாலித்தீன் பைக்குள் போட்டுக் கொண்டுவாருங்கள். செருப்பைக் கலங்கல் மேட்டில் விட்டுவிட்டு, மூன்று பேரும் தண்ணீரில் இறங்கி மேற்கே நடக்கலாம். வைக்கோல் துரும்பு நான் எடுத்து வருகிறேன்.

இப்படிக்கு,
திருவள்ளூர் மாவட்டத்து ஏரிப்பாசன விவசாயி ஒருவர்