நம்புகிறவளுக்கு நம்பாதவள் எழுதுவது

கோயம்புத்தூர்

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிற வேலை நடந்ததில் உட்கார்ந்து எழுத இடமே இல்லை. முதலில் நல்ல செய்தி. சின்னவனுக்கு நிச்சயமாகிவிட்டது. பெண்ணுக்குத் திருப்பூர், பேங்கில் வேலை. தையில் கல்யாணம். பெண் வீட்டார் கோயிலில் வைக்க ஆசைப்படுகிறார்கள். அவர்கள் ஆசையில் நான் குறுக்கே நிற்கப்போவதில்லை. முழங்கால் வலிக்கு ஊசி போட்டுக்கொண்டதாக எழுதியிருந்தாயே, இப்போது படி ஏற முடிகிறதா?

சரி, நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். "கடவுளின் பெயரால் கொல்கிறவனிடம் உன் மனிதநேயம் என்ன பேசும்? உங்களுக்கெல்லாம் கட்டுரை எழுதத்தான் தெரியும்" என்று கோபமாக எழுதியிருந்தாய். கூடவே, உங்கள் குடியிருப்புச் சங்கத்தில் இனிமேல் முஸ்லிம்களுக்கு வீடு வாடகைக்கு விடக்கூடாது என்று ஒருவர் பேசியதையும், யாரும் மறுக்கவில்லை என்பதையும் போகிற போக்கில் சொல்லியிருந்தாய். என்னை அதிகம் தொந்தரவு செய்தது அந்த இரண்டாவது விஷயம்தான்.

அரிவாளோடு வருகிறவனிடம் பேச எனக்கும் எதுவும் இல்லை. அவனைத் தடுக்க வேண்டும், பிடிக்க வேண்டும், நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும். அது அரசின் வேலை. எனக்குப் பேச இருப்பது உன்னிடம், உன் பக்கத்து வீட்டுக்காரரிடம், அரசிடம். அதைச் சொல்ல வங்கதேசத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. அவிஜித் ராய் என்ற பெயர் உனக்கு நினைவிருக்கலாம். அமெரிக்காவில் இன்ஜினியராக இருந்துகொண்டு வங்க மொழியில் அறிவியல் எழுதியவர். உயிர் எப்படித் தோன்றியது, பிரபஞ்சம் எப்படித் தோன்றியது என்று சாதாரண வாசகருக்கு விளக்கிய மனிதர். மதங்களையும் விடாமல் கேள்வி கேட்டார். கொலை மிரட்டல்கள் இருந்தும் 2015 பிப்ரவரியில் புத்தகக் கண்காட்சிக்காக டாக்கா வந்தார். 26ஆம் தேதி இரவு, கண்காட்சியிலிருந்து மனைவியோடு வெளியே வந்தபோது, பல்கலைக்கழக வளாகத்தை ஒட்டிய நடைபாதையில் அவரை வெட்டிக் கொன்றார்கள். மனைவி ரஃபீதா போன்யா அகமதுக்குத் தலையில் வெட்டு. ஒரு கட்டைவிரல் போயிற்று. சுற்றிலும் கூட்டம், சற்றுத் தள்ளிப் போலீஸ். கடைசியில் ஒரு பத்திரிகைப் புகைப்படக்காரர்தான் இருவரையும் ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்.

அந்த ஆண்டு முழுக்க, இப்படி இணையத்தில் எழுதியவர்களை வெட்டிக் கொல்வது தொடர்ந்தது. மார்ச்சில் வாஷிக்குர் ரஹ்மான். மே மாதம் சில்ஹெட்டில் அனந்த விஜய் தாஸ். பேங்க் ஊழியர், அறிவியல் இதழ் நடத்தியவர், ஸ்வீடன் போக விசா கேட்டு மறுக்கப்பட்டவர். ஆகஸ்டில் நிலாத்ரி சட்டோபாத்யாய், தன் சொந்த வீட்டுக்குள்ளேயே. இந்த நிலாத்ரி, தன்னை யாரோ பின்தொடர்கிறார்கள் என்று சில மாதம் முன்பே போலீசிடம் போயிருந்தார். புகாரை வாங்கவில்லை, நாட்டை விட்டுப் போய்விடு என்றார்கள் என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். அவர் செத்த பிறகு நாட்டின் காவல்துறைத் தலைவர் சொன்னது என்ன தெரியுமா? எழுதுகிறவர்கள் எல்லை மீறக்கூடாது என்று!

மல்லிகா, என் கோபமெல்லாம் இந்த இடத்தில்தான். கொலைகாரன் பத்துப் பேர் இருப்பான். "கொன்றது தப்புதான், ஆனால் அவன் அப்படி எழுதியிருக்கக் கூடாது" என்று சொல்கிறவர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். அந்த "ஆனால்" இல்லாவிட்டால் கொலைகாரர்கள் இவ்வளவு தைரியமாகத் தெருவில் வெட்டியிருக்க மாட்டார்கள். 2013இலேயே மத உணர்வைப் புண்படுத்தினார்கள் என்று நான்கு எழுத்தாளர்களை அரசே கைது செய்தது. யார் குற்றவாளி என்று அரசு கைகாட்டிவிட்டது. தண்டனையை மட்டும் வேறு ஆட்கள் எடுத்துக்கொண்டார்கள்.

வாஷிக்குர் கொலையில் எனக்கு மறக்கவே முடியாத ஒரு விஷயம் உண்டு. வெட்டிவிட்டு ஓடிய இருவரைத் தெருவிலேயே பிடித்துக்கொடுத்தது திருநங்கைகள். எந்த மதத்தின் காவலர்களும் தங்கள் பக்கத்தில் நிற்க விடாதவர்கள். செத்தவன் யார், கடவுளை நம்பினானா இல்லையா என்றெல்லாம் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. ஒருவனை வெட்டிவிட்டு ஓடுகிறான், பிடி என்று பாய்ந்தார்கள். பிடிபட்டவர்களோ தாங்கள் வெட்டிய ஆள் எழுதியதில் ஒரு வரிகூடப் படிக்காதவர்கள். மதரசா மாணவர்கள். யாரோ சொன்னார்கள், செய்தார்கள்.

உடனே நீ, மதரசா படிப்பு, வறுமை, அறியாமை என்று முடித்துவிடாதே. 2016 ஜூலை 1 இரவு டாக்காவின் குல்ஷன் பகுதியில் ஹோலி ஆர்ட்டிசன் உணவகத்துக்குள் புகுந்து 20 பணயக்கைதிகளைக் கொன்றவர்களில் வசதியான வீட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். நல்ல ஆங்கிலப் பள்ளி, தனியார் பல்கலைக்கழகம் என்று படித்தவர்கள். குர்ஆன் வசனம் சொல்லத் தெரிகிறதா என்று கேட்டு, தெரிந்தவர்களை விட்டார்கள். படிப்பு மட்டும் யாரையும் காப்பாற்றிவிடாது. கேள்வி கேட்கிற பழக்கத்தைக் கொடுக்காத படிப்பு மதரசாவில் இருந்தாலும் ஒன்றுதான், கான்வென்டில் இருந்தாலும் ஒன்றுதான். இத்தனை வருஷம் பிசிக்ஸ் சொல்லிக்கொடுத்தவள் சொல்கிறேன்.

இன்னொன்றும் கவனி. நாத்திகர்களைக் கொன்றதோடு அவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை. ஷியாக்களின் ஊர்வலத்தில் குண்டு, இந்துப் பூசாரிகள், ராஜ்ஷாஹியில் இசையை நேசித்த ஓர் ஆங்கிலப் பேராசிரியர் என்று போய்க்கொண்டே இருந்தது. அந்தப் பேராசிரியர் கடவுளுக்கு எதிராக எதுவும் எழுதியவர் அல்ல. அதனால்தான் சொல்கிறேன், என் போன்றவர்களைக் காப்பாற்றும் சட்டம்தான் உன்னையும் காப்பாற்றும். அரசுக்கு மதம் இருக்கக்கூடாது என்று நான் சொல்வது, நீ ஸ்ரீரங்கத்தில் நிம்மதியாகப் பெருமாளைச் சேவிக்கவும்தான்.

ஒரு விஷயத்தில் எனக்கு அவிஜித்தோடு உடன்பாடு இல்லை. மத நம்பிக்கையை அவர் வைரஸோடு ஒப்பிட்டு எழுதினார். அவர் சொல்லவந்தது ஒரு கருத்து ஒருவரிலிருந்து இன்னொருவருக்கு எப்படிப் பரவுகிறது என்பதைத்தான். ஆனாலும் நம்பிக்கையை நோய் என்று சொல்லிவிட்டால் நம்புகிறவரை நோயாளியாகப் பார்க்கத் தொடங்குவோம். நோயாளியோடு யாரும் விவாதிப்பதில்லை. ஒதுக்கி வைக்கத்தான் தோன்றும். என் அம்மா செவ்வாய், வெள்ளி விரதம் இருந்து என்னைக் காலேஜுக்கு அனுப்பியவள். அவளோடு நான் தினமும் வாதாடினேன், அவளும் விடவில்லை. அந்த வாதத்துக்கு ஒரே தளத்தில் இரண்டு மனிதர்கள் வேண்டும்.

அடுத்து, தூக்கு. 2021 பிப்ரவரியில் அவிஜித் வழக்கில் ஐந்து பேருக்கு மரண தண்டனை, ஒருவருக்கு ஆயுள் என்று தீர்ப்பு வந்தது. "அப்படித்தான் செய்ய வேண்டும்" என்பாய். அவருடைய அப்பா அஜய் ராய், டாக்கா பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியராக இருந்தவர், 1971 வங்கதேச விடுதலைப் போரில் நின்றவர். தள்ளாத வயதில் கோர்ட்டுக்கு வந்து சாட்சி சொல்லிவிட்டு, தீர்ப்பைப் பார்க்காமலே 2019 டிசம்பரில் போய்விட்டார். போன்யா அந்தத் தீர்ப்பைக் கொண்டாடவில்லை. ஏவிவிடப்பட்ட சிலரைத் தண்டித்துவிட்டுத் தீவிரவாதத்தின் வேரைத் தொடாமல் விட்டால் அது நீதியாகாது என்றார். கண்ணால் பார்த்த, வெட்டுப்பட்ட சாட்சி அவர். அவரை விசாரணையாளர்கள் ஒருமுறைகூடத் தொடர்புகொள்ளவில்லை.

அவிஜித்தின் புத்தகங்களைப் போட்ட பதிப்பாளர் தீபனையும் அதே 2015 அக்டோபரில் கொன்றார்கள். அவர் அப்பாவும் பேராசிரியர். எனக்கு வழக்கு விசாரணை எதுவும் வேண்டாம், எல்லோருக்கும் நல்ல புத்தி வரட்டும் என்று அவர் சொன்னபோது நாடே அதிர்ந்தது. நான் அந்த அளவுக்குப் போகமாட்டேன். விசாரணை கட்டாயம் வேண்டும், தண்டனையும் வேண்டும். உயிரை எடுக்கிற உரிமை மட்டும் அரசுக்கும் வேண்டாம். இதில் என் பக்கத்து ஆட்களே தடுமாறியிருக்கிறார்கள். 2013இல் டாக்காவின் ஷாபாக் சந்திப்பில், 1971 போர்க்குற்றவாளிகளுக்கு எதிராக மதச்சார்பற்ற இளைஞர்கள் லட்சக்கணக்கில் திரண்டார்கள். அவர்களுடைய கோரிக்கை நியாயமானது. ஆனால் அங்கே உரக்க ஒலித்த முழக்கம் "தூக்கில் போடு" என்பதுதான். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது.

வங்கதேசம் தூரம் என்று நினைக்காதே. 2017 மார்ச்சில் எங்கள் ஊர் ஃபாரூக்கை, திராவிடர் விடுதலைக் கழகத்துக்காரர், இரண்டு குழந்தைகளின் அப்பா, இதே காரணத்துக்காக வெட்டிக் கொன்றார்கள். கடவுள் இல்லை என்று ஃபேஸ்புக்கில் எழுதியதுதான் அவர் செய்த குற்றம். வழிவழியாகத் தொழுகை செய்து வந்த அவர் அப்பா, இனி நானும் மகன் இருந்த அமைப்பில் சேர்கிறேன் என்று அறிவித்தார். அதேபோல, புனேயில் காலை நடைக்குப் போன மூடநம்பிக்கை எதிர்ப்பாளர் நரேந்திர தாபோல்கரை 2013இல் சுட்டவர்களும், 2015இல் தார்வாடில் கன்னட அறிஞர் கல்புர்கியை அவர் வீட்டு வாசலில் சுட்டவர்களும் உன் மதத்தின் பெயரைச் சொல்கிறவர்கள் என்பதுதான் வழக்கு. அதற்காக உன் வீட்டுக் கதவை யாராவது சாத்தினால் நான் சும்மா இருப்பேனா?

இந்த ஊர் அதையும் பார்த்தது, மல்லிகா. 1997 நவம்பரில் ஒரு போலீஸ்காரரைக் கொன்றார்கள். அதைத் தொடர்ந்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் செத்தார்கள். 1998 பிப்ரவரி 14 அன்று குண்டுகள் வெடித்து 58 உயிர் போயிற்று. அதற்குப் பிறகு எங்களோடு வேலை பார்த்த ஒரு டீச்சர் வாடகை வீட்டுக்காக அலைந்தாள். பெயரைச் சொன்னதும் "இப்போதுதான் அட்வான்ஸ் வாங்கிவிட்டோம்" என்பார்கள். அவள் ஸ்டாஃப் ரூமில் எதுவும் பேசாமல் பேப்பர் திருத்திக்கொண்டிருப்பாள். குண்டு வைத்தவர்களுக்கு அவள் யாரோ. ஆனால் அவளைத் தனியாக நிறுத்தியபோது, குண்டு வைத்தவர்கள் விரும்பியதை நாம் செய்துகொடுத்தோம். "அவர்கள் உங்களை ஒருபோதும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்" என்றுதானே அந்தக் கும்பல் இளைஞர்களிடம் சொல்கிறது?

அதனால் உங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத்துக்கு நீ போ. பெருமாளைச் சேவிக்கிறவள் நீ. என்னைப் போன்ற ஒருத்தி எழுந்து பேசினால், இவள் நாத்திகம் பேசுகிறாள் என்று உட்கார வைத்துவிடுவார்கள். நீ பேசினால் காது கொடுப்பார்கள். மதத்தைக் காட்டி ஒருவருக்கு வீடு மறுப்பதை மினிட்ஸில் எழுதக்கூடாது, எழுதினால் நான் கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொல். வீடு விடக்கூடாது என்று பேசியவரிடம் எரிந்து விழாதே. அவருக்கு எதைக் கண்டு பயம் என்று முதலில் கேள். பயத்துக்குப் பதில் சொல்லலாம். நீ எப்படியும் நன்றாகப் பேசுவாய், காலேஜ் மேடையில் பார்த்தவள்தானே நான். கூட்டம் முடிந்ததும் எந்த நேரமானாலும் போன் செய். தூக்கைப் பற்றி உனக்குச் சொல்ல இருப்பதைத் தனியாக எழுது. அதில் நீ லேசில் விடமாட்டாய் என்று தெரியும்.

அன்புடன்
வசந்தா